கப்பலை எங்கய்யா ஒளிச்சு வச்ச? பழைய மாலுமிகளும் பறவை ஜோக்குகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஜோக்கோட ஆரம்பிக்கலாம்.

ஒரு பயணிகள் கப்பல். அதுல தினமும் ராத்திரி ஒரு மேஜிக்காரர் ஷோ நடத்துறார். கேப்டன் வளர்க்கிற கிளி முன்வரிசையில உக்காந்து பாக்கும். பாத்துப் பாத்து எல்லா வித்தையும் அதுக்கு அத்துப்படி. "சீட்டு சட்டைக் கையில இருக்கு!", "புறா தொப்பிக்குள்ள இருக்கு!"ன்னு ஷோ நடுவுல கத்தும். மேஜிக்காரருக்குக் கொலைவெறி. ஆனா கேப்டனோட கிளி, என்ன பண்ண முடியும்? ஒருநாள் கப்பல் மூழ்கிடுது. மிச்சம் ஒரே ஒரு பலகை. இந்த முனையில மேஜிக்காரர், அந்த முனையில கிளி. ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டே மூணு நாள். பேச்சே இல்லை. நாலாம் நாள் காலையில கிளி வாயைத் திறக்குது: "சரி, தோத்துட்டேன். கப்பலை எங்கய்யா ஒளிச்சு வச்ச?"

உலகத்தில் பல துறைமுகங்களைச் சுற்றிய பழைய ஜோக் இது. நான் கேட்டது தூத்துக்குடியில். சொன்னவருக்கு எழுபது வயசுக்கு மேல். சரக்குக் கப்பல்களில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, முப்பது வருஷம் இருந்தவர். அவரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் கப்பலின் இன்ஜின் ரூமில் ஆயில்மேனாக இருந்தவர். இன்னொருவர் பாய்மரத் தோணி ஓட்டிய தண்டல். தோணிக்குத் தலைவனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மூவரும் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இந்த எபிசோடில் அவர்கள் பண்டாரி, ஆயில்மேன், தண்டல்தான்.

நான் அவர்களிடம் போனது கடல் அனுபவங்களைப் பதிவு செய்ய. மைக்கை வைத்துக்கொண்டு, "கடல் வாழ்க்கை எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டேன். "என்ன, வேலைதான்" என்றார் பண்டாரி. "சம்பளம் வந்துச்சு" என்றார் ஆயில்மேன். தண்டல் டீயை ஆற்றினார். அவ்வளவுதான் பேட்டி. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு காக்கா வந்து பெஞ்சில் கிடந்த வடைத்துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. தண்டல் சிரித்துக்கொண்டே, "ஓய் பண்டாரி, உம்ம ஆளு வந்துட்டான்" என்றார். அப்போது ஆரம்பித்த பேச்சு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நிற்கவில்லை. எல்லாமே பறவைகள் பற்றி. அதாவது, வெளியே பார்த்தால் பறவைகள் பற்றி.

தண்டல் சொன்ன ஜோக் முதலில். ஒரு தோணி கொழும்புக்குப் போகுது. நடுக்கடல்ல காத்து செத்துப்போச்சு. கரை எந்தப் பக்கம்னு தெரியலை. தண்டல் கூண்டுல வச்சிருந்த காக்காயைப் பறக்கவிடுதாரு. அது மேல போயி ஒரு வட்டம் அடிச்சுட்டுத் திரும்பி வந்து பாய்மரத்துல உக்காந்துட்டு. மறுபடி விடுதாரு, மறுபடி வருது. மூணாம் தடவை தண்டலுக்குக் கோவம் வந்துட்டு. "ஏல, கரை தெரியுதா இல்லியா?"ன்னு கேக்காரு. காக்கா சொல்லுது: "கரை எல்லாம் நல்லாத் தெரியுது அண்ணாச்சி. அங்க கஸ்டம்ஸ்காரன் நிக்கான், அதான் வந்துட்டேன்."

[சிரிப்பு]

சிரிச்சாச்சா? இப்போ விஷயத்துக்கு வருவோம். கரை தேட பறவையைப் பறக்கவிடுவது ஜோக்குக்காக உருவாக்கிய கற்பனை இல்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி, முதல் நூற்றாண்டில், இலங்கைக் கடலோடிகளைப் பற்றி எழுதும்போது இதைக் குறிப்பிடுகிறார்: அவர்கள் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டுவதில்லை, கூடவே பறவைகளைக் கொண்டுபோய் அவ்வப்போது விடுவார்கள், அது கரையை நோக்கிப் பறக்கும் திசையில் கப்பலைச் செலுத்துவார்கள் என்று. பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்களிலும் வணிகர்கள் கரை காணும் பறவையோடு கடலில் போவது ஒரு உவமையாக வருகிறது. பறவைக்குக் கரை தெரிந்தால் போய்விடும். தெரியாவிட்டால் கப்பலுக்கே திரும்பி வரும்.

தமிழில் இதே காட்சி பக்திப் பாடலாக மாறியிருக்கிறது. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில், எங்கே சுற்றினாலும் கரை காணாமல் திரும்பி வந்து கப்பலின் பாய்மர உச்சியில் உட்காரும் பறவையாகத் தன்னைச் சொல்கிறார். வேறு போக்கிடம் இல்லை என்பதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த படம் அது. கடலோடிகள் பார்த்த காட்சி கோயிலுக்குள் போயிருக்கிறது. தண்டலிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பறவை பாவமா, இல்லை அதைப் பாத்துக்கிட்டு நிக்கிறவன் பாவமா? அது திரும்பி வந்துட்டுன்னா, எங்களுக்கு இன்னும் கரை இல்லைன்னு அர்த்தம்லா?"

இதுதான் எனக்கு அந்த சாயங்காலம் பிடிபட்ட முதல் விஷயம். பறவை ஜோக்கில் பறவைக்கு நடப்பதெல்லாம் சொல்கிறவருக்கு நடந்தது.

கடல் பறவைகளின் பேர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பூபி என்று ஒரு பறவை. அந்தப் பேர் முட்டாள் என்று பொருள்படும் ஸ்பானிஷ் வார்த்தையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். காரணம், அது பயமே இல்லாமல் கப்பலின் மேல்தளத்தில் வந்து உட்காரும், கையால் பிடித்துவிடலாம். நாடி என்று இன்னொன்று. அந்தச் சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் மடையன் என்றே அர்த்தம். அல்பட்ராஸுக்கு ஒரு செல்லப்பேர் கூனி, அதுவும் அசடு. வானத்தில் அவ்வளவு அழகாகப் பறக்கிற பறவை தரையில் இறங்கும்போது தடுமாறி உருளும். நாலு மாசம் கடலில் இருந்துவிட்டுத் தரையில் கால் வைக்கிற மாலுமியும் அப்படித்தான் தள்ளாடுவான். யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1789இல் பவுன்ட்டி கப்பலில் கலகம் செய்தவர்கள் கேப்டன் பிளையை ஒரு சிறிய படகில் இறக்கிவிட்டார்கள். அவரும் கூட இருந்தவர்களும் பசிபிக் கடலில் ஆறு வாரத்துக்கும் மேல் தத்தளித்தபோது, உயிர் பிழைக்க உதவியவற்றில் இந்த "முட்டாள்" பறவைகளும் உண்டு. கையில் பிடிபட்ட ஒரு பறவையைப் படகில் இருந்த எல்லோருக்கும் துண்டு போட்டுப் பங்கு வைத்தார்கள். கிண்டல் பண்ணின பேர், காப்பாத்தின கறி.

நம்ம பக்கம் ஆலா என்று ஒரு கடல் பறவை. "ஏன்டா இப்படி ஆலாப் பறக்குற?" என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். அந்தப் பேச்சு இந்தப் பறவையிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஓயாமல் பறந்து, சட்டென்று தண்ணீரில் பாய்ந்து மீன் தூக்கும் பறவை. ஆலாக்கள் கூட்டமாகச் சுற்றுகிற இடத்தில் கீழே மீன் இருக்கும் என்பது மீனவர்களுக்குக் கணக்கு. அதன் உறவான கரும் ஆலா, கூட்டை விட்டுக் கிளம்பினால் சில வருஷங்கள் கரைக்கே வராமல் கடல்மேலேயே கழிக்கும். இதை நான் சொன்னதும் ஆயில்மேன், "அதுக்கு யாரு சைன்-ஆஃப் குடுக்கலை?" என்று கேட்டார். சைன்-ஆஃப் என்றால் ஒப்பந்தம் முடிந்து கப்பலை விட்டு இறங்குவது.

ஆயில்மேனின் ஜோக்குகள் எல்லாமே ஒரே வரி. "முப்பது வருஷம் கப்பல்ல இருந்தேன், நான் பாத்த ஒரே பறவை தட்டுல இருந்த கோழிதான்." இன்ஜின் ரூம் கப்பலின் அடிவயிற்றில். அங்கே ஜன்னல் கிடையாது. வெப்பமும் சத்தமும்தான். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தும் கடலைப் பார்த்த நேரம் கொஞ்சம்தான் என்றார். ஆனால் ஒரே ஒருமுறை, மத்தியதரைக் கடலில், வேலை முடிந்து மேலே வந்தபோது தளம் முழுக்கத் தகைவிலான் குருவிகள். வலசை போகும் வழியில் களைத்துப்போய்க் கப்பலில் இறங்கியிருக்கின்றன. கயிற்றின் மேல், கைப்பிடிக் கம்பியின் மேல், எங்கும். யாரும் காலை எடுத்து வைக்கவில்லையாம். ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு அவர் மறுபடி கீழே போய்விட்டார். "அடுத்த தடவை மேல வந்தப்போ ஒண்ணும் இல்லை. கிளம்பிட்டு. எனக்கு இன்னும் ஏழு மாசம் பாக்கி இருந்துச்சு."

கப்பலில் ஏறி ஊர் மாறிய பறவைகளில் நம்ம ஊர்க் காக்காயை மிஞ்ச ஆளில்லை. வீட்டு வாசலில் சோறு வைக்கிறோமே, அதே சாம்பல் கழுத்துக் காகம். சான்சிபார் தீவுக்கு 1890களில் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று மனிதர்களே கொண்டுபோனார்கள். மலேசியாவின் கிள்ளான் பகுதிக்கும் அதே 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன, இலங்கையிலிருந்து கொண்டுபோனார்கள். மற்ற இடங்களுக்கு அதுவே கப்பல் ஏறிப் போனது. செங்கடல் துறைமுகங்கள், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை. ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேண்டில் வரை போயிருக்கிறது. 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் இரண்டு காகங்கள் இறங்கி, சில வருஷத்தில் அங்கே கூடு கட்டிக் குஞ்சும் பொரித்தன. போன இடத்தில் உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தொல்லை கொடுப்பதால், 2024இல் கென்யா அரசு பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது.

பண்டாரி இதைக் கேட்டுவிட்டு, "எங்க கப்பல்லயும் ஒண்ணு வந்துச்சு" என்றார். சாப்பாட்டு மிச்சம் கிடைக்கும் இடம் அதற்குத் தெரியும், அவருடைய சமையலறை வாசல்தான். "அதுக்கு சி.டி.சி. இல்லை, ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை. ஆனா மூணு வேளைச் சோறு கரெக்டா வாங்கிச்சு. எங்க யூனியன் தலைவரா இருக்கத் தகுதி உள்ள ஆளு." சி.டி.சி. என்பது மாலுமிகளின் அடையாளப் புத்தகம். அது இல்லாமல் யாரும் வேலைக்குக் கப்பல் ஏற முடியாது.

அப்புறம் அவர் இன்னொரு கிளி ஜோக் சொன்னார். கேப்டனோட கிளி எந்நேரமும் கெட்ட வார்த்தை பேசும். ஒருநாள் பண்டாரியோட அம்மாவை இழுத்துட்டு. பண்டாரி அதைப் பிடிச்சு கோல்டு ரூம்ல போட்டுப் பூட்டிட்டாரு. அஞ்சு நிமிஷம் உள்ள ஒரே கத்தல். அப்புறம் சத்தமே இல்லை. செத்துத் தொலைஞ்சிட்டோன்னு பதறிப்போய்த் திறந்தா, கிளி பவ்யமா நடந்து வெளிய வருது. "ஐயா, மன்னிச்சிருங்க. இனிமே ஒரு தப்பு வார்த்தை என் வாயில வராது. ஒரே ஒரு சந்தேகம். உள்ள தலையில்லாமத் தொங்குதாரே ஒரு கோழி, அவரு அப்படி என்ன பேசிட்டாரு?"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் நிறுத்தவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

எண்பதுகளில் ஒரு பயணம். பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றி, ஆப்பிரிக்காவின் தென்முனை சுற்றி ஜப்பான் போகிற கப்பல். ஒரு மாசத்துக்கு மேல் தண்ணீர் மட்டும்தான். தெற்கே இறங்க இறங்க அல்பட்ராஸ் பறவைகள் கப்பலுக்குப் பின்னால் வரும். இறக்கையை விரித்தால் மூன்றரை மீட்டர் வரை இருக்கும், உயிரோடு இருக்கிற பறவைகளிலேயே அதுதான் பெரிசு. மணிக்கணக்காக இறக்கையை அடிக்காமலேயே காற்றில் சறுக்கிக்கொண்டு வரும். சமையலறை மிச்சத்தைக் கடலில் கொட்டும் நேரம் அதற்குத் தெரியும். ஒரு பறவைக்கு இவர் "மாப்பிள்ளை" என்று பேர் வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வரும், ஒரு வேலையும் செய்யாது என்பதால்.

அந்தப் பயணத்தில்தான் தந்தி வந்தது. அப்போது போன் எல்லாம் கிடையாது. கப்பலில் ரேடியோ ஆபீசர் ஒருவர் இருப்பார், மார்ஸ் தட்டலில் வருவதைக் காதில் வாங்கி எழுதிக் கொடுப்பார். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டது என்றார் பண்டாரி. "அவரு நேரா வந்தாருன்னா நல்ல சேதியா இருக்காது." அம்மா இறந்துபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் மூன்று வாரம். வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாக் காரியமும் முடிந்திருந்தது.

"அன்னைக்கும் நாப்பது பேருக்குச் சோறு வடிச்சேன்" என்றார். "வேற யாரு வடிப்பா? மத்தியானம் மிச்சத்தைக் கொட்டலை, மறந்துட்டேன். மாப்பிள்ளை வந்துட்டு. ஒண்ணும் கிடைக்கலை. ஆனா போகலை வே. சாயங்காலம் வரைக்கும் கூடவே வந்துச்சு."

தண்டலும் ஆயில்மேனும் எதுவும் பேசவில்லை. இதை அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து ஆயில்மேன், "மாப்பிள்ளைன்னா அப்படித்தான், சாவு வீட்டுக்கும் சாப்பிட வருவான்" என்றார். பண்டாரிதான் முதலில் சிரித்தார்.

இந்த இடத்தில் உங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகணும். ஏன்னா, இந்த மாதிரி பெஞ்சுக் கூட்டத்தை ஒரு சங்கமாகவே நடத்தியவர்கள் அங்கே இருந்தார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனை. 1914இல் பனாமா கால்வாய் திறப்பதற்கு முன், அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் போகும் சரக்குப் பாய்க்கப்பல்களுக்கு அதுதான் வழி. எதிர்க்காற்று, பனி, மலை மாதிரி அலை. கப்பல்களை விழுங்கிய இடம். அதைப் பாய்மரச் சரக்குக் கப்பலில் சுற்றி வந்தவர்கள் 1937இல் பிரான்ஸின் சான் மாலோ நகரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு பல நாட்டு மாலுமிகள் சேர்ந்தார்கள்.

அந்தச் சங்கத்தில் உறுப்பினர்களுக்கு வைத்த பட்டங்கள் எல்லாம் பறவைப் பேர்கள். கேப்டனாகவே ஹார்ன் முனையைச் சுற்றியவர் அல்பட்ராஸ். சாதாரண மாலுமியாகச் சுற்றி, பின்னாளில் கேப்டனானவர் மாலிஹாக், அது அல்பட்ராஸில் சின்ன வகை. மற்றவர்கள் கேப் புறா, கப்பல் பின்னாலேயே சுற்றும் ஒரு சிறிய கடல் பறவை. புயலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்மரம் ஏறிய ஆட்கள், வயசான காலத்தில் கூடி உட்கார்ந்து, "நீ வெறும் புறாதானே" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ள வழி செய்துகொண்டார்கள்.

ஆனால் அந்தச் சங்கத்துக்குப் புது உறுப்பினர் சேர வழியே இல்லை. சரக்கோடு ஹார்ன் முனையைச் சுற்றிய கடைசிப் பெரிய பாய்க்கப்பல் பாமிர். அது நடந்தது 1949இல். அதற்குப் பிறகு தகுதி பெற ஒருவரும் கிடையாது. இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். 2003இல் சங்கத்தை அவர்களே முறைப்படி கலைத்துவிட்டார்கள்.

நம்ம தண்டலுக்குச் சங்கமும் இல்லை, பட்டமும் இல்லை. இன்ஜின் இல்லாமல், காற்றை மட்டும் நம்பித் தோணி ஓட்டிய கடைசித் தலைமுறை அவர். வெங்காயமும் மிளகாயும் கருவாடும் ஏற்றிக் கொழும்புக்குப் போனவர்கள். அந்த உலகத்தைப் பற்றி ஜோ டி குரூஸ் "கொற்கை" நாவலில் எழுதியிருக்கிறார், அதற்கு 2013இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. ஆனால் நாவல் ஒரு பக்கம் இருக்க, காற்று செத்துப்போன ராத்திரி தோணியில் என்ன பேசினார்கள் என்பது அந்த பெஞ்சில்தான் இருக்கிறது. அந்த பெஞ்சில் முன்பு ஏழு பேர் உட்காருவார்களாம். நான் போனபோது மூன்று பேர்.

"சரி, இப்போ கப்பல்ல இருக்கிறவங்களும் நாளைக்கு வயசாகி ஜோக் சொல்வாங்கதானே?"ன்னு நீங்க கேட்கலாம். நானும் ஆயில்மேனிடம் கேட்டேன். அவர் பேரன் இப்போது கன்டெய்னர் கப்பலில் இருக்கிறான். முன்பு சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற வாரக்கணக்கில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். இப்போது பெரும்பாலும் ஒரு நாளைக்குள் வேலை முடிந்து கிளம்பிவிடும். நாற்பது பேர் இருந்த இடத்தில் இருபது, இருபத்தைந்து பேர். சாப்பிட்டு முடித்ததும் அவனவன் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திப் போனைப் பார்க்கிறான். பேரன் சொன்னது: "தாத்தா, மெஸ்ல யாரும் பேச மாட்டாங்க."

இதில் போனைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். பண்டாரிக்கு அன்று ஒரு வீடியோ கால் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? கப்பலில் மாலுமிகளுக்கு இணைய வசதி தரவேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே சேர்க்கப்பட்டு, 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது நியாயமான உரிமை. 2020இல் கொரோனா காலத்தில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பேரனும் அதில் ஒருவன். வீட்டு முகங்களைத் திரையில் பார்த்தது மட்டும்தான் அவனுக்கு இருந்த ஒரே பிடிமானம்.

ஆனால் அந்த மாசங்களில் அவன் வீட்டோடு என்ன பேசினான்? "சாப்டியா, சாப்டேன். எப்போ வருவ, தெரியலை." தினமும் அதேதான். அப்புறம் ஒருநாள் தாத்தாவுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். கைப்பிடிக் கம்பியில் பூபி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "இவனுக்கும் ரிலீவர் வரலை போல." தன் இடத்துக்கு அடுத்த ஆள் வந்தால்தான் மாலுமி கப்பலை விட்டு இறங்க முடியும், அந்த ஆளுக்குப் பேர்தான் ரிலீவர்.

ஆயில்மேன் அந்தப் போட்டோவை எனக்குக் காட்டினார். போனில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். "அதைப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பையன் உள்ள உடைஞ்சிருக்கான்னு. உடனே போன் போட்டேன். ரெண்டு மணி நேரம் பேசினோம்." வீட்டில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. அவர்கள் சிரிக்கும் ஸ்மைலி போட்டிருந்தார்கள்.

எனக்கு இந்த எபிசோடில் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கப்பலில் இருந்தவர் ஒருவர் இருப்பார். சென்னையில், தூத்துக்குடியில், நாகப்பட்டினத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவரிடம் "கடல் வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "வேலைதான்" என்று பதில் வரும். "கப்பல்ல பறவை ஏதாவது வருமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, ஜோக் முடிந்து சிரித்த பிறகும் எழுந்து போகாமல் ஒரு ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு அனுமதியும் வாங்கிக்கோங்க.

இப்போது கப்பலில் இருக்கிற நண்பர் யாராவது பறவைப் போட்டோ அனுப்பினால், ஸ்மைலியோடு நிறுத்தாமல் ஒரு போன் போடுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு கதையோடு வரேன்.